ஒரே எண்ணில் இரு விசைகள்

விம் என்னும் எடிட்டரைப் பயன்படுத்தும் நண்பர்கள் சிலர், டேப் விசைக்குத் தம் விருப்பப்படி ஒரு வேலையை ஒதுக்குவதுண்டு. அதன்பின் கன்ட்ரோல் விசையுடன் 'ஐ'யை அழுத்தினால், அது தன் வழக்கமான வேலையாகிய முன்னோக்கித் தாவுதலைச் செய்வதில்லை. டேப் செய்வதையே செய்கிறது. எடிட்டர் பழுதாகிவிட்டதா? இல்லை. அதன் காதில் இரண்டும் ஒரே ஓசையாக விழுகின்றன.

காரணம் பழையது. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட்டுகள். ஆக மொத்தம் 128 எண்கள். கன்ட்ரோலை அழுத்தினால் மேலிரு பிட்டுகள் உதிர்ந்துவிடும். சிறிய 'ஐ'யின் எண் 105, பெரிய 'ஐ'யின் எண் 73. இரண்டிலும் மேலிரு பிட்டுகளை நீக்கிப் பாருங்கள், எஞ்சுவது 9. டேப்பின் எண்ணும் 9 தான்! இவ்வாறே கன்ட்ரோல் 'எம்'மும் என்டரும் 13. கன்ட்ரோலும் இடச் சதுர அடைப்பும் சேர்ந்தால் எஸ்கேப்பாகிய 27. டெலிடைப் காலத்தில் இது சிக்கனம். இன்றைய டெர்மினல் எமுலேட்டரோ அந்தப் பழைய முனையத்தைப் போல் நடிக்கும் மென்பொருள். ஆகவே விசையை அது அனுப்புவதில்லை, எண்ணையே அனுப்புகிறது.

ஆல்ட் விசையின் கதை இன்னும் வேடிக்கை. ஆல்ட்டுடன் 'எக்ஸ்' என்றால் முதலில் 27, பிறகு 'எக்ஸ்'. அம்புக்குறி விசைகளும் 27-இல்தான் தொடங்குகின்றன. 27 வந்தவுடன் எடிட்டர் என்ன செய்யும்? வந்தது தனி எஸ்கேப்பா, வேறொன்றின் தலையா என்று சற்றுக் காத்திருந்து பார்க்கும். நியோவிம் காத்திருப்பது 50 மில்லிவினாடி. வலைத்தொடர்பு மந்தமானால் இக்கணக்குப் பிசகும். அம்பை அழுத்தியவர் திரையில் வேண்டாத எழுத்துகளைக் காண்பார்.

இதற்கு மாற்று, துணைவிசைகளையும் எண்ணாகச் சொல்லிவிடுவது. ஷிப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4. கூட்டுத்தொகையுடன் ஒன்று சேர்க்க வேண்டும். எனவே கன்ட்ரோல் மட்டுமானால் 5, ஷிப்டும் சேர்ந்தால் 6. எக்ஸ்டெர்ம் இவ்வழியில் ஒரு முறையைத் தந்தது. கிட்டி என்னும் டெர்மினலின் முறையில் கன்ட்ரோல் 'ஐ' என்பது எஸ்கேப், சதுர அடைப்பு, 105, அரைப்புள்ளி, 5, 'யூ' என்று வரும். 105 என்பது எழுத்து. 5 என்பது கன்ட்ரோல். ஐயத்திற்கு இடமேது?

ஆனால் பழைய நிரல்களுக்கு இம்மொழி புரியாது. ஆகவே எடிட்டர் தொடங்கும்போது டெர்மினலிடம் இதனைக் கேட்டுப் பெற வேண்டும். முடியும்போது திருப்பித் தர வேண்டும். திருப்பித் தராமலே எடிட்டர் இடையில் மாண்டுவிட்டால்? ஷெல்லில் கன்ட்ரோல் 'சி' அழுத்தினாலும் 99, 5 என்று எண்கள்தாம் திரையில் சிந்தும். அதை எண்ணியே கிட்டி முறையின் முதற்படியில் என்டர், டேப், பேக்ஸ்பேஸ் மூன்றையும் பழைய எண்களிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். 'ரீசெட்' என்று தட்டி என்டரை அழுத்தவாவது வழி இருக்க வேண்டுமல்லவா?