மாதிரி விமானத்தின் முதல் பறப்பு: கீழே இருப்போரின் உரிமையும் பறக்கவிடுவோரின் பொறுப்பும்

தரையில் நிற்பவரின் கையிலுள்ள ரிமோட் வானலை வழியே அனுப்பும் கட்டளையை, விமானத்துக்குள் பொருத்தப்பட்ட றிசீவர் பெற்று, மோட்டாரையும் இறக்கை, வால் ஆகியவற்றின் அசையும் பாகங்களையும் இயக்குவதனால் பறக்கும் சிறு வானூர்தியே ரிமோட் மாதிரி விமானம் எனப்படுகிறது. புதிதாகக் கட்டிய அல்லது வாங்கிய விமானம் முதன்முறை மேலெழும் வேளையே அதன் ஆயுளில் மிகவும் ஆபத்தானது. எடைச் சமநிலை சரியாக உள்ளதா, கட்டளைகள் சரியான திசையில் செயற்படுகின்றனவா என்பவை அதுவரை வானில் பரீட்சிக்கப்படாதவை. இந்த ஆபத்தை விரும்பி ஏற்றவர் ரிமோட்டைப் பிடித்திருப்பவர் ஒருவரே. கொழுந்து மலையில் வேலை செய்பவர்களும் லயத்து முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளும் அதை ஏற்றவர்கள் அல்லர். ஆகவே சோதனைப் பறப்பின் விதிகள் யாவும் கீழே இருப்போரின் பாதுகாப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

விளையாட்டுப் பொருளா, வானூர்தியா?

ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு மாதிரி விமானம் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், அந்த அடியின் ஆற்றல் அதே எடையுள்ள கல்லொன்று ஏறத்தாழ 11 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமாகும். 10 அங்குல விசிறியொன்று நிமிடத்துக்கு 9,000 தடவை சுழலும்போது அதன் நுனி மணிக்கு 400 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் செல்வதால், விரல்களைத் துண்டிக்க அதற்கு ஒரு கணமே போதும். 2013 செப்டெம்பரில் நியூயோர்க் நகரப் பூங்காவொன்றில், தாம் இயக்கிய ரிமோட் ஹெலிகொப்டரே தாக்கியதில் 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

இலங்கையில் வான்வெளியை ஒழுங்குபடுத்துவது, 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சிவில் விமான சேவைகள் அதிகாரசபையாகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை அடுத்து, ட்ரோன்களையும் ஏனைய ஆளில்லா வானூர்திகளையும் பறக்கவிடுவதை அந்த அதிகாரசபை முற்றாக இடைநிறுத்தியதும், பின்னர் நிபந்தனைகளுடனேயே அதனைத் தளர்த்தியதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. எனவே, நான்கு விசிறியுள்ள ட்ரோனுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்று எண்ணாமல், விமானத்தின் எடை, நோக்கம், பறக்கவிடும் இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவும் அனுமதியும் தேவையா என்பதை அதிகாரசபையிடம் எழுத்து மூலம் கேட்டறிவதே முறை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், வானலைக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும், ஆளில்லா வானூர்தி இறக்குமதியில் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் கோரப்படும் என்பதையும், பணம் செலுத்துவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கொடகவெலயில் இடம் தெரிவு செய்தல்

சப்பிரகமுவ மாகாணத்தில், பெல்மதுளையையும் எம்பிலிப்பிட்டியையும் இணைக்கும் ஏ18 வீதியில் அமைந்துள்ள கொடகவெலயைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்க் காணிகளில், வெறுமையாகத் தோன்றும் சரிவிலும் ஆட்கள் இருப்பர். இறப்பர் மரங்களுக்குக் கீழே பால் வெட்டுபவர் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகையால் தோட்ட மைதானத்திலோ வெற்றுக் காணியிலோ பறக்கவிட விரும்புபவர், முதலில் தோட்ட முகாமையாளரிடம் அல்லது காணி உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அன்று எந்த மலையில் கொழுந்து பறிக்கப்படுகிறது என்பதைக் கங்காணியிடம் கேட்டறிந்து, அதற்கு எதிர்த்திசையிலேயே பறப்பு வழியை வகுக்க வேண்டும். பாடசாலை, கோயில் திருவிழாக் கூட்டம், பிரதான வீதி, மின்கம்பி ஆகியவற்றுக்கு அருகில் முதல் பறப்புக்கு இடமே இல்லை. அறுவடை முடிந்த அகன்ற வயல்வெளி, உரிமையாளர் சம்மதித்தால், மலைச்சரிவு மைதானத்தைவிடப் பொருத்தமானது.

மலையின் காற்று மறைவான பக்கத்தில் காற்றுச் சுழன்று கீழிறங்குவதால், நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானமும் அங்கு திடீரெனத் தாழும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னலுடன் மழை பெய்வது வழமையாதலால், காற்று அடங்கியுள்ள காலை வேளையே உகந்தது. 2017 மே மாத வெள்ளத்தின்போது நிகழ்ந்தது போல, விமானப்படை ஹெலிகொப்டர்கள் தாழப் பறந்து மக்களை மீட்கும் அனர்த்த காலத்தில், எந்த மாதிரி விமானமும் மேலெழக் கூடாது. 1972இல் பிரகடனப்படுத்தப்பட்ட உடவளவை தேசிய பூங்கா போன்ற காப்பிடங்களில், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது.

தரையில் முடிக்க வேண்டிய சோதனை

மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் வேளையில் விசிறியைக் கழற்றி வைப்பது முதல் விதி. மோட்டார் எதிர்பாராமல் இயங்கினாலும் அப்போது காயம் ஏற்படாது. அடுத்து எடைச் சமநிலை பார்க்கப்பட வேண்டும். வழமையான பயிற்சி விமானத்தில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இடத்தில், அதாவது 20 சென்ரிமீற்றர் அகலமான இறக்கையில் ஏறத்தாழ 5 முதல் 6.5 சென்ரிமீற்றர் பின்னால், இரு விரல்களால் தாங்கும்போது விமானம் மட்டமாக நிற்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு தந்தால் அதுவே முடிவானது. வால்பக்கம் கனத்த விமானம் ஏறியவுடன் மூக்கைத் தூக்கி, இறக்கையின் தூக்குவிசையை இழந்து விழும். ஆகவே சந்தேகம் இருந்தால் மூக்குப்பக்கம் சற்றுக் கனமாக இருப்பதே மேல்.

கட்டளைத் திசையை விமானத்தின் பின்னால் நின்று பார்க்க வேண்டும்: இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பாகமான எயிலரோன், ரிமோட்டின் கோலை வலப்புறம் தள்ளும்போது வல இறக்கையில் மேலும் இட இறக்கையில் கீழும் செல்ல வேண்டும், கோலைத் தம்பக்கம் இழுத்தால் வாலிலுள்ள எலிவேற்றர் மேலெழ வேண்டும். இவை தலைகீழாக இருந்தால், திருத்த முயலும் ஒவ்வொரு அசைவும் விமானத்தை மேலும் கவிழ்க்கும். பின்னர் ரிமோட்டைக் குறைந்த வலுவில் வைத்து, கையேடு குறிப்பிடும் தூரத்துக்கு நடந்து சென்று, கட்டளைகள் தடையின்றிச் செயற்படுகின்றனவா என்று பார்ப்பதும், சமிக்ஞை அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும் ‘பெயில்சேவ்’ அமைப்பைப் பரீட்சிப்பதும் கட்டாயமானவை. இதற்கு ரிமோட்டை அணைத்துப் பார்க்கையில் விசிறி கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

லிதியம் பொலிமர் பற்றரியின் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றப்படவோ 3 வோல்ற்றுக்குக் கீழ் இறக்கப்படவோ கூடாது. ஊதிய பற்றரியைப் பயன்படுத்தலாகாது. ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும் என்பதால், இரவில் தூங்கும்போது சார்ஜ் ஏற்றுவது அயலவர்களின் உடைமைகளையும் பணயம் வைப்பதாகும்.

முதல் பறப்பு

அனுபவமுள்ள ஒருவர் ரிமோட்டைப் பிடிக்க, மற்றொருவர் அருகில் நின்று ஆட்களையும் வானையும் கவனிக்க வேண்டும். பார்வையாளர்கள் இருவருக்கும் பின்னாலேயே நிற்க வேண்டும். காற்றை எதிர்த்து ஏற்றி, பாதுகாப்பான உயரத்தை அடைந்தபின், விமானம் தானாக ஒரு பக்கம் சாய்வதை ‘டிரிம்’ என்னும் நுண்சீராக்கப் பொத்தானால் திருத்தி, மெதுவாகப் பறக்கும்போது அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மேலேயே அறிந்து, பற்றரியில் போதிய மிச்சம் இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆள் ஒருவர் குறுக்கிட்டால், விமானத்தைக் காப்பாற்ற முயலாமல், மோட்டாரை நிறுத்தி வெறுந்தரையில் விழவிடுவதே கடமை.

விபத்து நேர்ந்தால்

காயம் ஏற்பட்டால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்தபின், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சிதைந்த பாகங்கள், புகைப்படங்கள், மருத்துவ அறிக்கைகள் ஆகியவை பின்னர் சான்றாகும். கவனயீனத்தால் விளைந்த நட்டத்துக்கு இழப்பீடு கோரி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். சிறிய பிணக்குகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் செலவின்றித் தீர்க்கலாம். கவனயீனமான செயலால் உயிரிழப்பு நேர்ந்தால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். வழக்காட வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். விமானம் மின்கம்பியில் சிக்கினால் மூங்கிலாலோ அலுமினியக் கம்பாலோ தட்டாமல், மின்சாரச் சேவையின் 1987 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

உள்நாட்டுக் கடையில் வாங்கிய பற்றரியோ ரிமோட்டோ பழுதானதாக இருந்தால், பற்றுச்சீட்டுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977 ஆகும்.

அதிகாரசபைகளுக்கு அனுப்பும் இத்தகைய விண்ணப்பங்களையும் முறைப்பாடுகளையும் சிங்களத்தில் எழுத வேண்டிய கட்டாயம் தோட்ட மக்களுக்கு இல்லை. சப்பிரகமுவ மாகாணத்திலிருந்தும் தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகிறது. தமது மலைக்கு மேலே பறக்கும் விமானத்துக்கு அனுமதி உண்டா என்று அறிய விரும்பும் எவரும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் உடனடி ஆபத்து தெரியும் வேளையில் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை: பறக்கவிடுபவரிடம் நிறுத்துமாறு கேட்பதும், கேளாவிட்டால் பொலிஸுக்கு அறிவிப்பதும் கீழே நிற்பவரின் உரிமை, கேட்டவுடன் இறக்கிவிடுவது பறக்கவிடுபவரின் கடமை.