உயரம் இருக்கும்போதே எடுத்த முடிவு

வழக்கமான கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. வேறொரு விமானமோ தரையில் நிற்கும் வின்ச்சோ இழுத்து மேலேற்றிவிடும். அதன்பின் மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்துத்தான் அது உயரம் சேர்க்க வேண்டும். பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய ஏஎஸ்கே 21 ரகக் கிளைடர், அசையாத காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் சுமார் 34 கிலோமீட்டர் போகும். எதிர்க்காற்று வந்தால் அந்தத் தூரம் வெகுவாகக் குறையும்.

இறங்குவதற்கு ஒரே வாய்ப்புதான். ஓடுபாதை தவறிவிட்டால் மீண்டும் மேலேறிச் சுற்றிவர முடியாது. கிளைடர் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இது: எப்படியும் தன் தளத்துக்குப் போய்விடலாம் என்ற ஆசையில், இறங்கத் தோதான வயல்களை விமானி ஒவ்வொன்றாகக் கடந்துவிடுகிறார். கடைசியில் தரைக்கு மிக அருகில் அவசரமாகத் திரும்புகிறார். வேகம் குறைகிறது, திருப்பத்தை முடிக்கச் சுக்கானை அதிகமாக மிதிக்கிறார். உள்பக்க இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்று விழுகிறது. மீட்க உயரம் இல்லை. கை தவறியது அந்தக் கடைசித் திருப்பத்தில். முடிவு தவறியதோ பல நிமிடங்களுக்கு முன்பே.

இதன் மறுபக்கத்தைக் காட்டியது ஒரு பயணிகள் ஜெட். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767, 69 பேருடன் எட்மன்டனை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. எரிபொருள் அளவி வேலை செய்யவில்லை. தொட்டியில் குச்சிவிட்டு அளந்த லிட்டரைக் கிலோவாக்க, 0.8ஆல் பெருக்குவதற்குப் பதில் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். அது பவுண்டுக்கான எண். தேவையான 22,300 கிலோவில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எச்சரிக்கை ஒலித்தது, சற்று நேரத்தில் இரண்டு இஞ்சின்களும் அடுத்தடுத்து அணைந்தன.

துணை விமானி மாரிஸ் குவின்டல் கணக்குப் போட்டார். சுமார் 18 கிலோமீட்டர் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. அந்தக் கணக்கில், இறங்க நினைத்திருந்த வினிபெக் எட்டாது. எல்லா வசதியும் கொண்ட அந்தப் பெரிய விமான நிலையத்தை அப்போதே கைவிட்டு, குவின்டல் முன்பு பணியாற்றிய கிம்லி விமானப்படைத் தளத்தைத் தேர்ந்தார்கள். அது கார் பந்தயத் திடலாகியிருந்தது விமானிகள் இருவருக்கும் தெரியாது. அன்று ஓடுபாதையில் குடும்பங்கள் கூடியிருந்தன.

கிம்லியை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. வட்டமடித்தால் பாதைக்கு வந்து சேர முடியாது. கேப்டன் ராபர்ட் பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் விமானி. சுக்கானை ஒருபுறமும் இறக்கைச் சாய்வை எதிர்ப்புறமும் கொடுத்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டார். உடற்பகுதியில் மோதிய காற்றே தடையானது. வேகம் கூடாமல் உயரம் மட்டும் குறைந்தது. கிளைடர்களில் வழக்கமான இந்த உத்தியைப் பெரிய ஜெட்டில் இப்படி உயரம் குறைக்க அரிதாகவே கையாள்வார்கள். முன்சக்கரம் மடங்கி, மூக்கு தேய்ந்தபடி விமானம் நின்றது. யாரும் இறக்கவில்லை, சிலருக்குச் சிறு காயங்கள் மட்டும்.

பியர்சனின் சறுக்கலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு வாய்ப்பளித்தது வினிபெக்கைக் கைவிட்ட முடிவு. பாராட்டில் பெரிய பங்கு அதற்குத்தான் உரியது. பழுதுபார்க்கப்பட்ட அந்த விமானம் 2008 வரை பறந்தது.