நுண்பைகளில் அடைக்கும் என்ஸைம்கள்

பால் சீஸ் என்னும் பாற்கட்டியாவதற்கும், அது பக்குவமடைந்து சுவையும் மணமும் பெறுவதற்கும் என்ஸைம்கள் முக்கிய காரணமாகும். இவை உயிர்ப்பொருள்களில் உண்டாகி, தாம் அழியாமலே பிற பொருள்களை மாறுதலடையச் செய்பவை. இங்கிலாந்தின் செடார் சீஸ் நன்கு முதிர்வதற்கு 9 மாதமோ, அதற்கு மேலோ செல்லும். அதுவரையில் சரக்கைக் குளிர்ந்த அறையில் காக்க வேண்டும். போட்ட முதலும் முடங்கிக் கிடக்கும்.

இக்காலத்தைக் குறைப்பதற்காகப் புரதத்தைச் சிதைக்கும் என்ஸைமைப் பாலிலேயே கலந்தால் இரண்டு நஷ்டங்கள் நேரும். என்ஸைம் நீரில் கரைவதாகையால், அதன் பெரும்பாகம் திரளினின்று வடியும் தெளிநீரோடு வெளியேறிவிடும். அன்றியும், சேர்த்தவுடனே அது வேலை செய்யத் தொடங்குவதால், திரள் உறுதிப்படாமல் கண்டுமுதல் குறையும். சீஸில் கசப்பும் தோன்றும். உப்பிடும்போது தூவினாலோ, எங்கும் ஒரே சீராய்ப் பரவாது.

இதற்கு ஒரு பரிகாரம் என்ஸைமை நுண்பைகளில் அடைத்துச் சேர்ப்பதாகும். சவுக்காரத்தின் ஒவ்வொரு அணுத்திரளுக்கும் நீரை நாடும் தலையும், நீரை வெறுத்து நெய்ப்பொருளை நாடும் வாலும் உண்டு. சாதாரணச் சவுக்காரம் நீரில் வால்களை உள்ளடக்கிச் சிறு உருண்டைகளாகும். அவற்றின் நடுவே நீருக்கு இடமில்லை. முட்டையின் மஞ்சட்கருவிலும் சோயா மொச்சையிலும் உள்ள லெசிதினுக்கோ வால்கள் இரண்டு. ஆதலால் அது இரட்டைப் படலமாய்ப் படிந்து, வளைந்து மூடி, நீரை உள்ளடக்கிய பையாகிறது. மிகச் சிறிய பைகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கினும் குறைவு. அந்நீரில் என்ஸைம் கரைந்திருப்பின், அதுவும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும்.

கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பாப்ரஹாமில், கால்நடைகளின் உடலியலை ஆராயும் நிலையத்தில், அலெக் பாங்ஹாம் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் இப்பைகளைக் கண்டறிந்தார். 1970-இல் ஸெஸ்ஸா, வைஸ்மன் என்னும் இருவர் லைசோஸைம் என்னும் என்ஸைமை இவற்றில் அடைத்துக் காட்டினர். 1985-இல் லா, கிங் என்போர் இம்முறையைச் செடார் சீஸில் கையாண்ட விவரத்தை வெளியிட்டனர். பைகள் வெண்ணெய்த் துளிகளைப்போலத் திரளின் வலையில் சிக்கித் தங்கும். திரள் இறுகிய பின்னர் அவை சிதையவே, என்ஸைம் வெளிப்பட்டுத் தன் வேலையைத் தொடங்கும்.

எனினும், தூய லெசிதின் விலை உயர்ந்தது. எல்லா என்ஸைமும் பைக்குள் புகுவதுமில்லை. வெளியே நின்றது வீணாகும். கடுமையான சவுக்கார வகைகள் பையைக் கரைப்பதோடு என்ஸைமையும் கெடுக்கும். ஆகையால் இவ்வித சரக்கை மதிப்பிடுவோர், எவ்வளவு உள்ளே நிற்கிறது, எப்பொழுது வெளிப்படுகிறது, குறையும் காலத்தின் லாபம் கூடும் செலவை ஈடு செய்யுமா என்னும் மூன்றையும் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும்.