வடம் பிடிக்காமல் நிற்கும் கூட்டம்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 74 வயது. முழங்கால் வலி என்று போனபோது பிசியோதெரபிஸ்ட் கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு 10 வயதுப் பேரனும் கட்டிக்கொண்டு தூக்குகிறான். அவன் குட்டையாகிவிடுவான், எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று வீட்டில் சண்டை. எது உண்மை?"

இரண்டும் உண்மையில்லை. ஆனால் பாட்டியும் பேரனும் ஒரே கேள்விக்குள் வந்து நின்றது பொருத்தம்தான். இருவர் உடம்பிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே விஷயம். அது தசையில் தொடங்குவதுமில்லை.

1990-ல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், 9 முதல் 11 வயதுப் பையன்களுக்கு 20 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துச் செய்தது. பையன்களின் பலம் நன்றாகவே கூடியது. படம் எடுத்துத் தசையின் குறுக்களவைப் பார்த்தால் பயிற்சி செய்யாத பையன்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்று பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோனும் சகாக்களும் செய்தது. 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேர். தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதத்தைக் காலால் தூக்க வேண்டும். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். தொண்ணூறு வயதில் இது கொடுமை என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது 10 கிலோ தூக்கியவர் 27 கிலோ தூக்கினார். தொடைத் தசை வளர்ந்தது 9 சதவீதம் மட்டுமே.

174 எங்கே, 9 எங்கே? மிச்சம் எங்கிருந்து வந்தது?

தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இயக்க நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையைத் தசைக்கு அனுப்புகிறது. இடுப்பு மட்டத்திலிருந்து பாதத்துக்குப் போகும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். இந்த நீளத்துக்கு ஒரே ஓர் அணு. தசைக்குள் நுழைந்ததும் அது கிளை பிரிந்து பல தசைநார்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நரம்பணுவும் அதன் கைக்குள் இருக்கும் நார்களும் சேர்ந்தால் ஓர் இயக்க அலகு. கண்ணைத் திருப்பும் தசையில் ஓர் அணுவுக்குப் பத்துப் பதினைந்து நார்கள்தான். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல்.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு புரிந்துகொள்வது சுலபம். வடத்தைப் பிடித்து நிற்பவர்களைத் தனித்தனி ஆளாகப் பார்க்காதீர்கள், கோஷ்டி கோஷ்டியாகப் பாருங்கள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு தலைவர். அவர் துண்டை வீசினால் கோஷ்டி மொத்தமும் இழுக்கும்; வீசாவிட்டால் ஒருவர்கூட இழுக்கமாட்டார். ஒப்புக்குப் பாதிப் பேர் இழுப்பது இங்கே கிடையாது. தேரை வேகமாக நகர்த்த இரண்டே வழி: அதிகக் கோஷ்டிகளை வடத்துக்கு அழைப்பது, அல்லது தலைவர்கள் துண்டை இன்னும் வேகமாக வீசுவது.

அழைப்பதிலும் ஒரு முறை உண்டு. சின்னக் கோஷ்டிகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவர்கள் நாள் முழுவதும் சளைக்காமல் இழுப்பார்கள். பெரிய கோஷ்டிகள் ஆட்டம் காட்டிவிட்டுச் சீக்கிரம் பானகம் கேட்டு உட்கார்ந்துவிடுகிற பயில்வான்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலொழிய அவர்களுக்கு அழைப்பு போகாது. நீங்கள் நடக்கும்போதும், காய் நறுக்கும்போதும், பேருந்துக்காக நிற்கும்போதும் சின்னக் கோஷ்டிகளே வேலையை முடித்துவிடுகின்றன. பெரியவர்கள் சன்னதித் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிறுவன் உடம்பில் இந்த வேடிக்கை பார்க்கும் கூட்டம் அதிகம். "முழு பலத்தோடு இழு" என்றாலும் பெரிய கோஷ்டிகளில் கணிசமானவை வடத்துக்கு வருவதில்லை. இதை அளக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும்போதே அவன் நரம்பில் சிறிய மின் தூண்டல் ஒன்றைக் கொடுப்பார்கள். சும்மா நின்ற நார்கள் அத்தனையும் ஒரு கணம் சேர்ந்து இழுத்துவிடும். ஏற்கனவே எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தால் விசை கூடாது. எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று கணக்கு. பயிற்சிக்குப் பின் கனடாப் பையன்களிடம் அந்தத் துள்ளல் குறையும் பக்கமாக நகர்ந்திருந்தது. ஆள் பலம் அதேதான்; வடம் பிடித்தவர்கள் கூடினார்கள். பருவமடையும் முன் தசையைப் பருக்க வைக்கும் ஹார்மோன்கள் போதாது என்பதால், சிறுவர்களுக்குக் கிடைக்கும் பலம் பெரும்பாலும் இந்த வகைதான்.

சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களையும் விட்டுவிடக் கூடாது. முழங்காலை நீட்டும் தசை வேலை செய்யும்போது மடக்கும் தசையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும்; பழக்கமில்லாத வேலையில் அதிகமாகவே இழுக்கும். பழகப் பழகக் கட்டையை எப்போது போடுவது, எப்போது உருவுவது என்பது பிடிபடுகிறது. பாஸ்டன் முதியவர்கள் பெற்றதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

முதுமையின் கதை வேறு. அங்கே தலைவர்களே இறந்துபோகிறார்கள். இறந்தவர்களின் தண்டுவடங்களை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 1977-ல் வந்தது. 60 வயது வரை கால்களுக்கான அணுக்களில் பெரிய இழப்பில்லை. அதற்குமேல் எண்ணிக்கை இறங்குகிறது. தலைவர் போன கோஷ்டியின் கதி? பக்கத்துத் தலைவரின் இழை புதுக் கிளை விட்டு, அந்த ஆட்களில் சிலரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சேர்த்துக்கொள்ள ஆளில்லாத நார்கள் சுருங்கி அழிகின்றன. இதில் ஒரு விசித்திரம் உண்டு: வேகமான கோஷ்டியிலிருந்த நாரை நிதானமான தலைவர் எடுத்துக்கொண்டால், அந்த நாரும் கொஞ்ச நாளில் நிதானமானதாக மாறிவிடுகிறது. பயில்வான் பஜனைக் கோஷ்டிக்காரர் ஆகிவிடுகிறார். வயதானால் கோஷ்டிகள் குறைந்து, பெருத்து, மந்தமாவது இப்படித்தான். இதன் விலை தெரிவது தடுக்கி விழும்போது. கால் இடறினால் அடுத்த காலை முன்னால் போட உங்களுக்கு ஒரு நொடியில் சிறு பகுதிதான் கிடைக்கும். மந்தமான கோஷ்டிகள் திரண்டு வருவதற்குள் தேர் சாய்ந்துவிடும்.

செத்த நரம்பணுவை எந்தப் பயிற்சியும் எழுப்பாது. இருக்கிற தலைவர்களை முடுக்கிவிடலாம், அவ்வளவுதான். பெல்ஜியத்தில் இளைஞர்களுக்கு 12 வாரம் கணுக்காலை வெடுக்கென்று மேலே இழுக்கும் பயிற்சி கொடுத்து, ஊசி மின்முனை செருகித் தனித்தனி அலகுகளைக் கேட்டார்கள். அசைவின் தொடக்கத்தில் 5 மில்லி நொடிக்குள் இரண்டு தடவை துடிக்கும் அலகுகள் முன்பு நூற்றுக்கு ஐந்து. பயிற்சிக்குப் பின் முப்பத்துமூன்று. தலைவர் எடுத்த எடுப்பில் துண்டை இரட்டை வீச்சாக வீசப் பழகிவிட்டார்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர், ஒரு கையால் மட்டும் ரப்பர் குமிழை அழுத்திப் பழகியவரின் மறு கையும் பலம் பெற்றதைப் பதிவு செய்தார். சும்மா இருந்த கையில் தசை எப்படி வளரும்? அப்போதே எல்லோரும் நரம்பைச் சந்தேகித்திருக்க வேண்டும். இயக்க அலகுக்குப் பெயர் வைத்தவர் 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சார்லஸ் ஷெரிங்டன். சின்னது முதலில், பெரியது கடைசியில் என்ற ஒழுங்கைப் பூனைகளில் கண்டவர் ஹார்வர்டின் எல்வுட் ஹென்மன். கன்றுக்குட்டியைத் தினம் தூக்கிக் காளையைத் தூக்கிய கிரேக்க மைலோவின் கதையை ஜிம் சுவர்களுக்கே விட்டுவிடுவோம்.

"தினமும் வாக்கிங் போகிறேனே, போதாதா?" என்று அடுத்த கேள்வி வரும். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது; போங்கள். ஆனால் கீழே விழாமல் இருப்பதற்கு? உலகெங்கும் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை 2019-ல் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்தவர்களின் தலைவர் பெயரும் ஷெரிங்டன்தான். சிட்னியின் கேத்தி ஷெரிங்டன். உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைகிறது. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியிலும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியிலும். நடை மட்டும் போனவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சமதளத்தில் பேசிக்கொண்டே நடப்பது சின்னக் கோஷ்டிகளின் வேலை.

இன்னொரு கேள்வி டப்பாவில் வருகிறது. முதியவர்களுக்கென்று புரதப் பொடி, பிள்ளைகளுக்கென்று உயரப் பொடி. ஃபியாடரோன் குழுவே 1994-ல் நூறு முதியோர் இல்லவாசிகளை நான்காகப் பிரித்துப் பார்த்தது: சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் பலம் இரட்டிப்பானது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களின் பலம் கூடவில்லை. சாப்பாடே சரியாக இல்லாதவருக்குப் புரதம் தேவைதான். அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. வடம் பிடிக்க ஆளைக் கூப்பிடாமல் பானகத்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் தேர் நகராது.

பேரன் குட்டையாவான் என்ற பயத்துக்கு வருவோம். எடைப் பயிற்சி உயரத்தைக் குறைப்பதாகச் சான்று கிடையாது. எலும்பின் வளர்ச்சித் தட்டில் அடிபடுவது உண்டு. பெரும்பாலும் மேற்பார்வை இல்லாமல், உச்ச எடையைத் தூக்கிப் பந்தயம் கட்டும்போது நடப்பது அது. மணல் பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலும்புக்கு அதிர்ச்சி நல்லதே செய்கிறது: அமெரிக்காவின் ஓரிகனில் 6 முதல் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, இரண்டடி உயரப் பெட்டியிலிருந்து ஒரு தடவைக்கு நூறு முறை குதிக்க வைத்தார்கள், வாரம் மூன்று தடவை, ஏழு மாதம். சும்மா நீட்டி மடக்கிய பிள்ளைகளைவிடத் தொடை எலும்பின் கழுத்தில் தாது 4.5 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது. இதற்காகக் கிட்ஸ் ஜிம்மில் பணம் கட்ட வேண்டாம். பாண்டியும் கபடியும் மரமேறுவதும் பெரிய கோஷ்டிகளைக் கூப்பிடும் ஆட்டங்கள்தான். ஓடி விளையாடினால் கணக்கில் நூறு வாங்குவான் என்று விளம்பரம் வந்தால் மட்டும் நம்பாதீர்கள். கவனம் சற்றுக் கூடுவதற்குச் சான்று இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உலகில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை என்று 2019-ல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தியப் பையன்கள் சற்றுத் தேவலை, அதற்குத் தெருக் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை காரணமாக இருக்கலாமாம். இதை நற்செய்தியாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வது இன்னும் நடக்கிறது. திருப்பிக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை.

பாட்டிக்கு: மணல் பையைத் தொடருங்கள். கூடவே, சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்கள் 30 நொடியில் பத்து முறைக்குக் கீழே எழுந்தால் விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்; ஆண்களுக்குப் பன்னிரண்டு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். எட்டு முறை முடிப்பதற்குள் 'போதும்டா சாமி' என்று தோன்றினால் எடை சரி. முப்பது முறை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் எடை போதாது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். நெஞ்சு வலி, கட்டுப்படாத அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் கண் அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்கினால் விடாதீர்கள். பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவர்களின் உச்ச பலம் 32 சதவீதம் இறங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது அவசியம். தீபாவளி வாரமும் அதில் சேர்த்தி.