இலவச இணையமும் ஒற்றை மண்டியும்!

மழை வருமா, தக்காளி என்ன விலை, பி.எம் கிசான் தவணை வந்துவிட்டதா... எதுவானாலும் இன்று விவசாயி பார்ப்பது செல்போனைத்தான். அந்த செல்போனில் எந்தத் தளத்தை எளிதாகப் பார்க்க முடியும் என்பதை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்வி 2015-ம் ஆண்டு நாடு முழுக்க விவாதமானது.

அந்த ஆண்டு பிப்ரவரியில், ஃபேஸ்புக் நிறுவனமும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பின்னாளில் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர். தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம், மற்றவற்றுக்குப் பணம். மகாராஷ்டிர விவசாயி ஒருவர் இதில் வானிலை, சந்தை விலை பார்த்துப் பயனடைந்ததாக ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் நாளிதழில் எழுதினார். 'இணையமே இல்லாதவர்களுக்கு இதுவாவது கிடைக்கட்டும்' என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எதிர்த்தவர்களின் கவலை வேறு. சந்தைக்கு இலவச பஸ் விடுகிறார்கள்; ஆனால், அது ஒரே ஒரு மண்டி வாசலில்தான் நிற்கும் என்றால் என்ன ஆகும்? நாளடைவில் மற்ற மண்டிகளுக்கு வரத்து நின்றுபோகும். பிறகு, அந்த ஒருவர் சொல்வதுதான் விலை.

இரு தரப்பையும் கேட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), 2016 பிப்ரவரி 8-ம் தேதி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. பார்க்கும் தளத்தைப் பொறுத்து டேட்டா கட்டணம் மாறக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாள்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதனால்தான் அரசின் 'உழவன்' செயலிக்கும், பெரிய நிறுவனத்தின் விற்பனைத் தளத்துக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சின்ன இணையதளத்துக்கும் இன்று ஒரே டேட்டா கட்டணம்.

பாதை பொதுவாகிவிட்டது. ஆனால், பாதைக்கான கட்டணம்? அதைப் பெரும்பாலும் நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்று டிராய் விட்டுவைத்திருக்கிறது. இன்று நாடு முழுக்க செல்போன் சேவை தரும் தனியார் நிறுவனங்கள் மூன்றுதான். அரசு நிறுவனமாக பி.எஸ்.என்.எல் இருக்கிறது. 2024 ஜூலையில் அந்த மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. விற்பவர்கள் குறைந்தால் வாங்குபவர் கை தாழும் என்பதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விவசாயிகள் உடனே செய்யக்கூடியவை இரண்டு. பம்ப்செட் மோட்டாரை செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர்களில் பலவற்றுக்கு அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் இருந்தாலே போதும். அந்த சிம்முக்கு டேட்டாவுடன் ரீசார்ஜ் செய்வது வீண்செலவு. அழைப்பு, எஸ்.எம்.எஸ் மட்டும் உள்ள திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்கலாம். அடுத்து, சிக்னலோ கட்டணமோ சரியில்லை என்றால், எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறுவதற்கு முன், வீட்டில் மட்டுமல்லாமல் கிணற்றடியிலும் புதிய நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.