எல்லை தாண்டும் அழைப்புக் குறி

ஈப்போவில் வாங்கிய வாகன லைசென்சோடு ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரிலும் கார் ஓட்டலாம். 1985இல் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு வழிவிடுகிறது. அதே காரில் அமெச்சூர் வானொலிக் கருவி இருந்தால்? ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது.

அமெச்சூர் வானொலியர், தேர்வெழுதி உரிமம் பெற்று, ஊதியம் கருதாமல் தமக்குள் பேசிக்கொள்பவர்கள். நம் தீபகற்பத்தில் அவர்களுடைய அழைப்புக் குறி பெரும்பாலும் '9எம்2', '9டபிள்யூ2' என்று தொடங்கும், சிங்கப்பூரில் '9வி1'.

வானலைக்கு எல்லை இல்லை என்று தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தினேன். "அப்படியானால் லைசென்ஸ் எதற்கு, சார்?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி! போலீசுக்கும் விமானத்துக்கும் உரிய அலைவரிசைகளை ஒவ்வொரு நாடும் வகுத்து வைத்திருக்கிறது. தெரியாதவர் கை வைத்தால் குழப்பந்தான். ஆகவே, வருபவர் தேறியவரா என்று கேட்கிறார்கள்.

ஐரோப்பிய நாடுகள் 1985இலேயே இதற்கு வழி கண்டன. பிரான்சுக்குப் போகும் ஜெர்மானியர், தம் குறிக்கு முன் 'எஃப்' சேர்த்துக்கொண்டு மூன்று மாதம் வரை பேசலாம். தனி விண்ணப்பம் வேண்டாம். மற்ற இடங்களில்? வருகையாளரின் உரிமத்தை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் முடிவு என்று 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு விதித்தது.

அயல்நாட்டாரை விடுங்கள், அந்தமானில் இந்தியருக்கே அனுமதி அரிதாயிருந்தது. டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் சிறப்பு அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தார். 26ஆம் தேதி சுனாமி. தொலைபேசித் தொடர்பு அற்றது. தவித்திருந்த பல குடும்பங்களுக்கு அவருடைய கருவி வழியாகவே செய்தி எட்டியது. அனுமதித் தாள் ஒரு மாதம் தாமதித்திருந்தால்?

பயணம் போகும் வானொலியர், புறப்படுமுன்பே அந்நாட்டு அதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே வருபவர் அணுக வேண்டியது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை.