மிதிவண்டியில் ஒரு திருயாத்திரை

நெய்வேலியிலிருந்து கோணான்குப்பம் செல்லும் பாதை மேடுபள்ளமற்ற சமவெளி. மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது. மந்தாரக்குப்பத்தைத் தாண்டி, மணிமுத்தாறு ஓடும் விருத்தாசலத்தில் இளைப்பாறிச் செல்லலாம். வெயில் ஏறுமுன் புறப்படுதல் நலம். லாரிகள் மிகுந்த சாலையாதலால் ஒருவர்பின் ஒருவராக, சிறுவர்களை நடுவில் விட்டு, இடப்புறமாகவே செல்வோமாக.

நெய்வேலியருகே தென்படும் குன்றுகள் இயற்கையானவை அல்ல; பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிக் குவித்த மண்ணே அவை. 1957-இல் சுரங்கப்பணி தொடங்கியது. அந்நாள் முதலாக நிலத்தையும் ஊரையும் விட்டு அகன்ற குடும்பங்கள் பல. அவர்கள் இழந்த மண்ணிலிருந்தே நம் இல்லங்களுக்கு ஒளி வருகிறது. பேருந்தில் விரைகையில் இது நம் நினைவில் எழுவதில்லை. மிதித்துச் செல்கையிலோ எண்ணிப் பார்க்க நேரமுண்டு.

கோணான்குப்பத்தில் நம்மை வரவேற்பவள் பெரியநாயகி அன்னை. அவ்வன்னைக்கு அங்கு ஆலயம் எழுப்பியவர், இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர். இறைவனுக்காகத் தம் தாய்நாட்டை மனமுவந்து விட்டு வந்தவர் அவர். மனமின்றித் தம் ஊரை விட்டுச் சென்றோரை நினைத்து, அன்னையின் திருமுன் குடும்பமாக முழந்தாளிட்டு, ஓர் அருள்நிறைந்த மந்திரமாவது சொல்வோமாக.